கீரிப்பாறைக்குப் போன மதிகெட்டவன்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், பூதப்பாண்டியில் வசிக்கும் பதினெட்டு வயது நிரம்பிய நான், போன சனிக்கிழமை அலாரம் அடிக்கும் முன்பே தானாக எழுந்தேன். எழுந்ததோடு நில்லாமல் கீரிப்பாறைக்குப் போய், முப்பது ரப்பர் மரத்தில் பால் வெட்டி, மூன்று மாதமாகப் பேசாத நண்பனைப் பத்து நிமிட உரையில் வழிக்குக் கொண்டுவந்து, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினேன். அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்காக இந்தக் குறிப்பு.

போன காரணம் அவ்வளவு பெருமையானது இல்லை. ஜெபின் என்னோடு ப்ளஸ் டூ படித்தவன். வீடு கீரிப்பாறை, பூர்வீகம் மார்த்தாண்டத்துக்கு மேற்கே என்பதால் பேச்சில் கால்வாசி மலையாளம் இருக்கும். ஜூன் மாதம் ஒரு கல்லூரி சீட்டுக்காகக் காத்திருந்தான். நான் ஒரு புது சிம்மிலிருந்து, "தங்களுக்கு இடம் உறுதி செய்யப்பட்டுள்ளது" என்று மெசேஜ் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் திட்டம். ஆனால் அவன் எனக்கு போன் போட்டு சந்தோஷத்தில் அழுதான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இரண்டு நாள் இழுத்தேன். அதற்குள் அவன் அம்மா பாயசம் வைத்துப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள் உண்மையைச் சொன்னேன். நிஜமான சீட்டு கடைசிவரை வரவில்லை. ஜெபின் என் நம்பரை பிளாக் செய்தான். இனி அவன் என்னோடு பேசுவானா என்பது தெரியாமல்தான் போனேன்.

பூதப்பாண்டியில் காலை 5.50க்கு பஸ். ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், டிக்கெட் பதினாறு ரூபாய்.

"இவ்வளவு வெள்ளன அருவி பாக்கவா?" என்றார் கண்டக்டர்.

"இல்ல அண்ணாச்சி, ஒருத்தன்கிட்ட அடி வாங்க."

"அப்ப காலையில போறதுதான் நல்லது. மத்தியானம் வெயிலு ஏறிரும்" என்று சில்லறையைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

தடிக்காரன்கோணம் தாண்டியதும் வயல் முடிந்து ரப்பர் தொடங்கும். ஜன்னல் ஓரம் உட்காருங்கள், குளிரும், பரவாயில்லை. நிறுத்தத்திலிருந்து ஜெபினின் அப்பா குத்தகைக்கு எடுத்திருக்கும் தோட்டம் ஒன்றரை கிலோமீட்டர் ஏற்றம். எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது.

நெற்றியில் கட்டிய விளக்கை விடிந்த பிறகும் அணைக்காமலே ஜெபின் வெட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். அடுத்த மரத்துக்குப் போய்விட்டான். நான் பின்னாலேயே நடந்தேன். நான்கு மரம் தாண்டினோம். கத்தி பட்டையைச் சுருள் சுருளாகச் சீவும். வெள்ளைப் பால் சரிவுக் கோட்டில் இறங்கிச் மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் சொட்டும். ஒவ்வொரு மரத்திலும் கத்தியை எடுக்கும்போது வாய்க்குள் ஒரு வார்த்தை சொன்னான்: "மதி."

"யாருலே அந்த மதி? எனக்குத் தெரியாம ஒருத்தியா?" என்றேன். பழக்கதோஷம்.

அவன் திரும்பவில்லை. "மலையாளத்துல மதின்னா போதும்னு அர்த்தம். இதுக்கு மேல ஒரு நூல் உள்ள போனா பட்டைக்கு அடியில இருக்க தடியில பட்டிரும். பொறவு அந்த இடத்துல பட்டை நேரா வளராது."

"நீ சொல்லுதது மரத்துக்குக் கேக்குமா?"

"எனக்குக் கேக்கும்."

எங்கள் ஊரில் என்னை 'மதிகெட்டவனே' என்று திட்டாத ஆள் குறைவு. அறிவைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, என் மார்க் ஷீட்டைக் காட்டி வாதாடியிருக்கிறேன். கெட்டது வேறொரு மதி என்பது அந்த மரத்தடியில் நிற்கும்போதுதான் புரிந்தது. பத்து நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டிய 'போதும்' எனக்கு இரண்டு நாளாக வரவில்லை.

"வருத்தமா இல்லியாலே?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. நாலு நாள் பாயிலேயே கெடந்தேன். அஞ்சாம் நாள் அப்பாவுக்கு முதுகு பிடிச்சிற்று, நான் கத்தியை எடுத்தேன். அடுத்த வருசமும் சீட்டுக்குப் போடுவேன், விடமாட்டேன். ஆனா அதுவரைக்கும் தினமும் அதையே நெனச்சிட்டிருக்க முடியாதுல்லா? இன்னைக்குள்ள மரத்த காயம் இல்லாம வெட்டினா, அன்னைக்குள்ளது முடிஞ்சு. நல்லா ஒறக்கம் வருது மக்கா."

பழையபடி என்னை அழைத்த அந்த 'மக்கா' அவனை மீறி வந்துவிட்டது. பிறகு கத்தியை என்னிடம் நீட்டினான்.

நிறைவு என்றால் ஆசையை விட்டுவிடுவது என்றுதான் எண்ணியிருந்தேன். ஜெபின் எதையும் விடவில்லை. எந்த இடத்தில் கத்தியை எடுக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்து வைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்த பிறகும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சாம்பார் பரிமாறும் அம்மாவிடம் "மதி" என்றேன். ஒரு கரண்டி கூடுதலாகவே விழுந்தது. அவர் பூதப்பாண்டிக்காரர், மலையாளம் தெரியாது.

போகிறவர்கள் கவனிக்க: மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது, வீணாகப் போகாதீர்கள். ஈரத்தில் அட்டை ஏறும், ஒரு பொட்டலம் உப்பு வேண்டும். பால் பட்ட சட்டை அதோடு போச்சு, நல்லதைப் போடாதீர்கள். தோட்டக்காரரைக் கேட்காமல் உள்ளே நுழையாதீர்கள். நான் திரும்பிய பஸ் 11.20.

கடைசியாக, மேலே எழுதியதில் சில திருத்தங்கள். அலாரத்துக்கு முன் நான் எழவில்லை, அம்மா முகத்தில் தண்ணீர் ஊற்றினார். நான் வெட்டியது முப்பது மரம் இல்லை, ஒன்று. அந்த ஒன்றிலும் கத்தி தடி வரை போய்விட்டது. ஜெபின் ஈர மண்ணைக் குழைத்து அந்தக் காயத்தில் பூசினான். பஸ்ஸில் போகும்போது மனப்பாடம் செய்த பத்து நிமிட உரையில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. "ஏலே, அன்னைக்கு நான் ரெண்டு நாளு..." என்பது வரைதான் வந்தது.

அவன் மண் அப்பிய கையை மரத்திலிருந்து எடுத்தான்.

"மதி" என்றான்.

மரத்துக்குச் சொன்னானா எனக்குச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.