வெள்ளை ராஜா படுத்திருந்த பலகை

பேய், பிசாசு எண்டு ஆரும் கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போற ஆள் நான். இதைக் கேட்டு நீங்களும் சிரிப்பியள், சிரியுங்கோ, நடந்ததைத்தான் சொல்லப்போறன்.

என்ர மனுசி வசந்தியின்ர தம்பி சுதன் கப்பலில வேலை. சிக்னல் கிடைக்கேக்க அவன் வாட்ஸப்பில ஒரு செஸ் நகர்வு அனுப்புவான், நான் உவர்மலை வீட்டில பலகையை வச்சு நாள்கணக்கா யோசிச்சுப் பதில் அனுப்புவன். மற்ற ஆக்கள் மாதிரி நடுச் சிப்பாயால தொடங்கமாட்டான், பக்கத்தால ஊர்ந்து ஊர்ந்து வருவான், எனக்கு விசர் பிடிக்கும்.

ஒருக்கா கனநாள் அவனிட்ட இருந்து ஒரு சத்தமும் இல்லை, கடலும் மோசம். வசந்தி சல்லி அம்மனுக்கு நேர்த்தி வச்சுப்போட்டு, அழுகையை அடக்க வீடு முழுக்கத் துடைச்சுக்கொண்டு திரிஞ்சவள். மத்தியானம் சாப்பிட வந்தால் பலகையும் துடைச்சிருக்கு, காய்கள் இடம் மாறி நிக்குது, தோத்தவன் படுக்க வைக்கிற மாதிரி சுதன்ர வெள்ளை ராஜா படுத்துக் கிடக்குது.

"என்னப்பா இது?"

"இருந்த மாதிரித்தான் வச்சனான். ராஜாவும் அப்பிடித்தான் கிடந்தது."

அவளுக்குக் குதிரை எப்பிடிப் போகும் எண்டே தெரியாது. சுதனுக்குக் காட்டிச் சிரிக்கலாம் எண்டு ஒரு படம் எடுத்துப்போட்டு, பழையபடி அடுக்கினன். பிறகு அவன் கதைச்சான், சுகமாம், எங்களுக்கு உயிர் வந்தது. ஆட்டமும் தொடர்ந்தது, படத்தை மறந்தே போனன்.

ஒருநாள் போனில வேற எதையோ தேடேக்க அது கண்ணில பட்டுது. நம்பினால் நம்புங்கோ, இப்ப ஆட்டம் வந்து நிக்கிற பலகையும் அந்தப் படமும் ஒண்டு. என்ர ஒரு குதிரையும் அவன்ர ராஜாவும்தான் வித்தியாசம். குதிரையை அந்தக் கட்டத்தில வச்சால் எனக்கு வெற்றி, ஆனால் ராஜா விழுந்தால் சுதனுக்கு ஏதும் நடந்திடுமோ எண்டு கையை எடுத்துப்போட்டன். வேற காயை நகர்த்தலாம்தான், அதுவும் சுத்தி அங்கதான் கொண்டுபோய் விடுமோ எண்டு பயம். அவன் கரைக்கு வருமட்டும் ஆடுறேல்ல எண்டு இருக்கிறன். அவனோ, "அத்தான், குதிரையைப் போடுங்கோவன், நான் ராஜாவைப் படுக்க வைக்கிறன்" எண்டு கப்பலில இருந்து சிரிக்கிறான்.

வசந்திக்கு நான் மூச்சும் விடேல்ல. போன கிழமை தேத்தண்ணி கொண்டுவந்தவள் பலகையைப் பார்த்து, "இஞ்சருங்கோ, இந்தக் குதிரை மட்டும் பிழையா நிக்குது" எண்டு கையை நீட்டினாள். பாய்ஞ்சு கையைப் பிடிச்சுப்போட்டன்.

சுதன் வர இன்னும் மாதக்கணக்கு கிடக்கு. வெளிய வரேக்க இதை வீட்டில விடுறேல்ல. இந்தா, சட்டைப்பையில கிடக்கு, பாருங்கோ, குதிரை.