எதிர்க்கரையில் எரிந்த கம்பி

சீர்காழியில் கருகிய மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். ஆற்றுத் தண்ணீரை நம்ப முடியாது என்று ஆனபின் அவனவன் வயலில் போர்வெல் போட்டான். எல்லா மோட்டாரையும் ஒரே நேரத்தில் ஓட விட்டால் கரண்ட் எங்கிருந்து வரும்? லோ வோல்டேஜில் மோட்டார்கள் வரிசையாகக் கருகின. அவற்றை என் கடையில் இறக்கிவிட்டு விவசாயிகள், "பழைய கம்பிய நீங்களே வச்சுக்குங்க" என்பார்கள். அதுதான் வழக்கம். வெட்டி எடுத்த செம்பை என் பழைய லுங்கித் துணியைக் கிழித்துக் கட்டி, மாதம் ஒருமுறை காயலான் கடையில் போடுவேன். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்று நான் கேட்டதே இல்லை.

என் தங்கையின் கணவர் மஸ்கட்டில் கேபிள் இழுக்கும் வேலை பார்த்தார். அந்தச் சம்பளத்தில் ஊருக்கு வெளியே வாய்க்காலை ஒட்டி வீடு கட்டினார்கள். அவர்கள் குடிபோன மறுவருஷம் எதிர்க்கரையில் தகரம் அடைத்து ஒருவன் கம்பி எரிக்க ஆரம்பித்தான். கம்பியின் மேல்தோலைக் கத்தியால் உரிக்க ஆள்கூலி ஆகும். டயரைப் போட்டுக் கொளுத்தினால் அரைமணியில் செம்பு கைக்கு வந்துவிடும். கறுப்புப் புகை தங்கை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. மழை பெய்தால் சாம்பல் வாய்க்காலில் இறங்கியது. கீழே உள்ள நாற்றங்கால்களுக்கு அந்தத் தண்ணீர்தான். தங்கையின் நாலு வயது மகளுக்கு இளைப்பு வந்துவிட்டது. அவள் மூச்சை இழுக்கும்போது விலா எலும்பை எண்ணலாம். "ஒண்ணு புகைய நிறுத்துங்க, இல்ல வீட்ட மாத்துங்க" என்றார் டாக்டர்.

மனு எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனேன். "ஏதோ பொழைக்கிறான், விடுங்க" என்று மனுவை மேசை இழுப்பறையில் போட்டார் அங்கிருந்தவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது, இவருக்கு அவன் பிழைப்பு பெரிதாகிவிட்டது! நேரே எதிர்க்கரைக்குப் போனேன், கையில் கிடைத்ததைத் தூக்கி அடிப்பது என்றே.

நெருப்புக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை காத்துக்கிடந்தது. கட்டம் போட்ட லுங்கித் துணியில் கட்டியிருந்தது. என் லுங்கி.

"உங்க கடை சரக்குதாங்க" என்றான் அவன், மரியாதையாகவே. "காயலான் கடையிலேருந்து இங்கதான் வரும். கம்பி மேல பூசுன வார்னிஷ எரிச்சுக் குடுத்தாத்தான் உருக்குறவங்க எடுத்துக்குவாங்க."

வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம், "செம்புக்குச் சாவே கிடையாதுங்க, எத்தனை தடவை உருக்கினாலும் செம்பு செம்புதான்" என்று பெருமை அடிப்பவன் நான். எங்கோ மலையைக் குடைந்து, காய்ச்சி, கம்பியாக்கி, என் கைக்கு வந்து, கருகி, மறுபடி உருகி வருகிற அந்தச் செம்பு ஒவ்வொரு தடவையும் யாருடைய மூச்சைத் தின்றுவிட்டு வருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. முட்டாள் என்று என்னை நானே திட்டிக்கொண்டு திரும்பினேன்.

அடுத்து, ஊரில் இருந்த மற்ற காயில் கடைக்காரர்கள் மூன்று பேரிடமும் சண்டை போட்டேன். பழைய செம்பை இனி திருச்சியிலிருந்து வேனில் வரும் வியாபாரிக்குத்தான் போடுவது என்று அவர்களைச் சம்மதிக்க வைத்தேன். சரக்கு வராமல் எதிர்க்கரைக்காரன் இரண்டே மாதத்தில் தகரத்தைப் பிரித்துக்கொண்டு போனான். பிள்ளை ராத்திரியில் படுத்துத் தூங்கினாள்.

தங்கையிடம் இதைப் பெரிய சாதனையாகச் சொன்னேன்.

"திருச்சியில அத என்ன பண்ணுவாங்க?" என்றாள்.

"உருக்குவாங்க."

"எரிக்காமலா?"

தெரியாது என்றேன். தெரியும். ஊருக்கு வெளியே ஆற்றோரமாக எரிப்பதாக வியாபாரியே சொல்லியிருந்தார். என் முகத்தைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டாள்.

"அங்கயும் ஒரு புள்ள இளைச்சுக்கிட்டுக் கெடக்கும்ல, அண்ணே."

வெடுக்கென்று எழுந்து வந்துவிட்டேன். கோபம் அவள்மேல் என்று அவள் நினைத்திருப்பாள். சனிக்கிழமை வேன் வந்தது. மூட்டையை நானே தூக்கி ஏற்றினேன்.