கிருஷ்ணாயில் கேனில் ஒரு விரற்கடை

ஒன்பது வயதிலேயே எனக்கு வீட்டில் ஒரு உத்தியோகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், பாத்ரூமுக்கு வெளியே நடையில் நிற்கும் நீலக் கேனின் மூடியைத் திருகி, மூங்கில் குச்சியை அடிவரை விட்டு எடுத்து, எதுவரை நனைந்திருக்கிறது என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும். ரேஷனில் மண்ணெண்ணெய் வாங்கிய காலம் அது. மண்ணெண்ணெய் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில்தான், எங்கள் தெருவுக்கு அது கிருஷ்ணாயில். சமையலுக்கு கேஸ் வந்துவிட்டதால் குளிக்க வெந்நீர் போட மட்டும் அது தேவைப்பட்டது. மீதி கேனில் சேர்ந்துகொண்டே போகும்.

அப்பாவுக்கு வேங்கிக்காலில் அரசாங்க வேலை. அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். கதவில் கோடு போட்டுப் பார்த்த பிறகுதான் நான் வளர்ந்திருக்கிறேன் என்பதையே ஒப்புக்கொள்வார். குச்சியில் பிளேடால் கோடு கீறிக் கொடுத்ததும் அவர்தான். கேனில் ஒரு விரற்கடை என்றால் ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் என்று அவருக்கு மனப்பாடம்.

அந்த வருடம் எங்கள் பின்போர்ஷனுக்கு ஒரு அக்கா குடிவந்தாள். கீழ்பென்னாத்தூர்க்காரி. புருஷன் அங்கே மணிலாக் கடலை மூட்டை ஏற்றும் வேன் ஓட்டினார். குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. வாரா வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும், உடம்பு குளிரவே கூடாது, பச்சைத்தண்ணீர் மேலே படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அதற்காகத்தான் டவுனில் வீடு. ரேஷன் கார்டு ஊரில் இருந்ததால் அவர்களுக்கு இங்கே கிருஷ்ணாயில் கிடையாது. அப்பாவே இரக்கப்பட்டு, சனிக்கிழமைதோறும் எங்கள் கேனிலிருந்து ஒரு லிட்டர் ஊற்றிக் கொடுப்பதாகச் சொன்னார். அப்பாவின் இரக்கமும் அளவாகத்தான் இருக்கும், ஆனால் இருந்தது.

குழந்தையை எனக்குக் காட்டுவாள் அக்கா. சுற்றியிருக்கும் துணிதான் பெரிதாகத் தெரியும், குழந்தையைத் தேட வேண்டும். பின்போர்ஷனிலிருந்து ஸ்டவ் வாசனை நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும்.

கார்த்திகை தீபத்துக்கு எங்கள் வீட்டில் பதினெட்டு சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். தீபம் என்றால் ஊரில் எல்லா வீடும் சத்திரம்தான். படுக்க இடமில்லாமல் நடையையும் ஒழித்தார்கள். கேனை எங்கோ கொண்டுபோய் வைத்து, எல்லோரும் கிளம்பிய பிறகு யாரோ திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குச்சி வழக்கத்தைவிட ஒரு விரற்கடை அதிகமாகக் குறைவு காட்டியது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். வெறும் உத்தியோகத்தில் முதல்முறையாக ஒரு கண்டுபிடிப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஒரு வெரக்கட கம்மிப்பா!"

அப்பா வந்து தானே விட்டுப் பார்த்தார். அம்மா பின்போர்ஷன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது.

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டோமா?" என்றாள் அம்மா, அக்காவைக் கூப்பிட்டு.

"அண்ணாமலையார் சத்தியமா நான் எடுக்கலிங்கக்கா. சார் ஊத்திக் குடுத்ததுதான். பத்தலன்னா கடையில வாங்கிக்கிறேன்."

சத்தியத்தை எந்தக் குச்சியை விட்டு அளப்பது? அப்பா குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிறு குச்சியை விட்டேன். குறைய வேண்டிய கேன் குறையவில்லை, கூடியிருந்தது. போன வாரம் காணாமல் போனது ஏறக்குறைய திரும்பி வந்திருந்தது. நான் கத்திய கத்தலில் அக்காவே வெளியே வந்துவிட்டாள்.

"நான்தாங்க ஊத்தினேன். கம்மியாயிடுச்சுன்னு சொன்னீங்களே. அதுக்கோசரம் எங்களப் போகச் சொல்லிடாதீங்கக்கா. இவன வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரணும்."

"எடுக்காதவ ஏன் ஊத்தணும்?" என்றாள் அம்மா.

அக்கா குழந்தையைச் சுற்றியிருந்த துணியை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். வெளிக்கடையில் அதிக விலைக்கு வாங்கி, தன் குழந்தைக்கு எரிய வேண்டியதை எங்கள் கேனில் ஊற்றியிருக்கிறாள். அது எங்கள் வீட்டில் ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிட்டது. "தை பொறந்ததும் வேற வீடு பாத்துக்கம்மா" என்றார் அப்பா, குரலை உயர்த்தாமல்.

மார்கழியில் எங்கள் பக்கம் யாரும் வீடு மாற மாட்டார்கள். அவர்கள் மாறினார்கள். மூன்றாம் நாளே அந்த மணிலா வேன் வந்து நின்றது. தூறலில் சாமான் ஏற்றினார்கள். அக்கா குழந்தையின் முகத்தைப் புடவையால் மூடிக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். எனக்குக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். என்மேல் அவளுக்குக் கோபமே இல்லை.

பொங்கலுக்கு முன்னால் அம்மா நடையைக் கழுவினாள். கேனை நகர்த்தி, கழுவி முடித்து, திரும்ப வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் குச்சியை விட்டேன். யாரும் ஊற்றவில்லை, ஆனாலும் ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

"அப்பா, கிருஷ்ணாயில் ஜாஸ்தியாயிடுச்சு!"

அப்பா வந்து பார்த்தார். அந்தக் கேனின் வாய் நடுவில் இல்லை, ஒரு மூலையில் இருக்கும். நடையின் தரையோ சாக்கடைப் பக்கம் நன்றாகச் சரிந்திருக்கும். அப்பா கேனைத் திருப்பி, வாயைச் சுவர்ப்பக்கம் வைத்துக் குச்சியை விட்டார். குறைந்தது. சாக்கடைப் பக்கம் திருப்பி விட்டார். ஏறியது. இப்படியே நான்கைந்து தடவை. நான் அதை விளையாட்டு என்று நினைத்து நானும் திருப்புகிறேன் என்று கேட்டேன். அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்தார். அப்பா தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பிறகு சின்னக் கேன் ஒன்றில் வாய்வரைக்கும் ஊற்றினார். அளக்கவில்லை. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்.

மத்தியானம் திரும்பி வந்தபோது அதே கேன் அதே கனத்தோடு கையில் இருந்தது.

"வூடு கெடைக்கலியாப்பா?" என்றேன்.

"கெடைச்சிதும்மா."

"வாங்கிக்க மாட்டேன்னுட்டாளா?" என்றாள் அம்மா.

அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இனிமே வெந்நீருக்கு வேலையில்லைங்க சார்னு சொல்லுது அந்தப் பொண்ணு."

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் குழந்தை இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது என்பதை நான் தெரிந்துகொண்டது வெகுநாள் கழித்துத்தான். குளிரினாலா, அதன் விதியே அவ்வளவுதானா என்று யாரும் சொல்லவில்லை. அப்பா கேட்டிருக்கவும் மாட்டார். அன்றைக்கு எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். கிருஷ்ணாயில் வேண்டாம் என்கிறாள் என்றால் அக்கா வீட்டிலும் கேஸ் வந்துவிட்டது. அது நல்ல சேதிதானே, இதற்குப் போய் ஏன் அழுகிறார்கள் என்று அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.