பத்து நிமிஷக்கா

உள்ளரங்கக் கூடைப்பந்து மைதானத்தில் ஸ்கோர் போர்டை இயக்குவதுதான் வேலை என்று சொல்லித்தான் அவளைச் சேர்த்தார்கள். ஆனால் அங்கே ஆட்டம் நடப்பது வாரத்தில் இரண்டே நாள். மற்ற நாட்களில் வளையங்களை மடக்கி, மரத்தரைமேல் தடித்த விரிப்பைப் போட்டு, கல்யாண வரவேற்பு, தேர்வு, ரத்ததான முகாம், பூனைக் கண்காட்சி என்று எது வந்தாலும் உள்ளே விடுவார்கள். மைக்குக்கும் விளக்குக்குமான பொத்தான்கள் அவள் மேசையில் இருந்ததால் பூனைகளுக்குக்கூட அவள் தேவைப்பட்டாள்.

ஒரு ஞாயிறு காலை குடியிருப்போர் சங்கக் கூட்டம். தலைவர் வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டார். அவர் பேச எழுந்ததும் விளக்கைப் போடப் போனவள் பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டாள். அவர் தலைக்கு மேலே ஆட்டக் கடிகாரம் பத்து நிமிடம் என்று சிவப்பாக எரிந்து, நொடி நொடியாகக் குறைய ஆரம்பித்தது. நிறுத்தலாமென்றால் பொத்தான் சிக்கிக்கொண்டது.

எல்லோரும் மேலே பார்ப்பதைக் கண்டு தலைவரும் திரும்பினார். சங்கத்தின் புது விதி போலும் என்று நினைத்து வேகம் பிடித்தார். குடிநீர்க் குழாய் விவகாரம் இரண்டே வாக்கியத்தில் முடிந்தது. கடைசிப் பத்து நொடியைக் கூட்டமே சேர்ந்து எண்ணியது. அவர் "நன்றி" சொல்லவும் பஸ்ஸர் அலறவும் சரியாக இருந்தது. அப்படியொரு கைதட்டலை அவர் அதுவரை வாங்கியதில்லை.

"யாரைக் கேட்டு அதைப் போட்டே?" என்றார் மேலாளர்.

"கை தவறிடுச்சு சார்."

"சங்கத்துல எழுதிக் குடுக்கப் போறாங்களாம். அப்புறம் என்னைக் கேக்காதே."

ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடிதமும் வந்தது. அடுத்த கூட்டத்துக்கும் அந்தக் கடிகாரம் வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டிருந்தார். அதற்குப் பிறகு அரங்கை எடுப்பவர்களெல்லாம் அதையே கேட்டார்கள். அவளுக்குப் பத்து நிமிஷக்கா என்ற பெயரும் நிலைத்தது.

அவளுடைய அண்ணன் மட்டும் முகத்தைச் சுளித்தார். மகளின் கல்யாண வரவேற்பு அதே அரங்கில்தான்.

"தங்கச்சி, பொண்ணைப் பெத்தவன் மனசுவிட்டுப் பேசணும். கடிகாரத்தை மட்டும் போட்டுடாதே."

"போடமாட்டேண்ணே."

அவர் போனதும் அண்ணி வந்தாள். "நீ போடு. உங்கண்ணனை நான் பார்த்துக்கறேன்."

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தவள், கடைசியில் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கையே காப்பாற்றினாள். வரவேற்பு மேடையில் அவர் பேச எழுந்தபோது போர்டு இருட்டாகவே இருந்தது. ஆனால் அண்ணனுக்கு நம்பிக்கையில்லை. வாக்கியத்துக்கு ஒரு முறை திரும்பிப் பார்த்தார். நான்காவது தடவை திரும்பியதில் சொல்ல வந்தது மறந்தே போனது. "எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்," என்று உட்கார்ந்துவிட்டார். அண்ணி முன்வரிசையிலிருந்து நாத்தனாரை நன்றியோடு பார்த்தாள்.

அண்ணன் நேரே மேசைக்கு வந்தார். "போட்டிருந்தாலாவது பத்து நிமிஷம் பேசியிருப்பேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் ஐஸ்கிரீம் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கோபம் குறையாமலே அதைத் தின்று முடித்தார். இன்னொன்று வாங்கி வரவும் அவளைத்தான் அனுப்பினார்.