சகலை வைத்த டைமிங்

அந்த டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு பழைய துண்டில் சுற்றி வந்தது. சென்னையில் பழைய வண்டிகளை உடைத்து விற்கிற கடையொன்றில் என் மாமனார் அதைப் பேரம் பேசி வாங்கி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்தார். வீட்டுக்கு வந்ததும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பிரித்தார். கைக்கு அடக்கமான சாமான். மேலே கறுப்பு மூடி, அதில் வயர் செருக நாலு காது, நடுவில் ஒன்று. மூடியைக் கழற்றினால் உள்ளே ரோட்டார் என்று ஒரு சின்னத் துண்டு. அது சுற்றிச் சுற்றி, நாலு பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்டு கொடுக்கும். மாமனார் மூடிமேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். இதை மாட்டப்போவது நான், மாட்டி முடித்தால் வண்டியும் எனக்கு என்று மனசுக்குள் எழுதிவைத்துக்கொண்டேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்துக் கறுப்பு வண்டி, பெட்ரோலில் ஓடுவது. கல்யாணப் பட்டு எடுக்க வெளியூர்க் குடும்பங்கள் வந்து இறங்குமே, அவர்களை ஏற்றிக்கொண்டு கடை கடையாகவும் கோயில் கோயிலாகவும் சுற்றுகிற வாடகை வண்டி. அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அதற்கு டிரைவராகச் சேர்ந்தேன். கொஞ்ச காலத்தில் மாமனார் தம் மூத்த பெண்ணை எனக்குக் கொடுத்தார். கொடுத்தாரே தவிர, டிரைவரைக் கூப்பிட்ட பழக்கம் அவர் வாயை விட்டுப் போகவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் "வாடா", கல்யாணத்துக்குப் பின்னால் "வாப்பா". அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு.

இளைய பெண்ணைக் கட்டியவன் என் சகலை. ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு அரிசி மில்லில் எஞ்சின் பார்க்கிற வேலை. எஞ்சின் பார்க்கிறவன் சட்டை எப்படி இருக்கவேண்டும்? கரியும் எண்ணெயுமாக இருக்கவேண்டாமா? இவன் வெள்ளைச் சட்டை போட்டு, பாக்கெட்டில் சீப்பு வைத்து, விசில் அடித்துக்கொண்டு வருவான். முதல் நாளிலிருந்தே மாமனார் அவனை "வாங்க மாப்ள" என்றார். அவன் வந்தால் மாமியார் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைப்பார். வாசலுக்கே வடை மணக்கும். நான் வந்தால், "சாப்ட்டுதானேபா வந்த?" என்பார். என் பெண்டாட்டியே ஒரு நாள், "சித்தப்பா வந்தாதான் கொழந்தைங்க சிரிக்குதுங்க" என்றாள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒருவன் சும்மா இருக்கவேண்டுமென்றால் அவன் சாமியாராகத்தான் பிறந்திருக்கவேண்டும்.

அந்த வருஷம் மாமனாருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஒரு நாள் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு, "கருட சேவ முடியட்டும். வண்டிய ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சிட்றேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரெண்டு பேரில் ஒருத்தரா? இத்தனை வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தவன் நான். எனக்கு நிலம் கிடையாது, வேறு தொழில் கிடையாது. சகலை வாசலில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தான். அவன் கண்ணிலும் ஆசை தெரிந்தது. எனக்குத் தெரியாதா, என் கண்ணிலும் அதுதானே இருந்தது.

பெருமாள் கோயில் கருட சேவைக்கு வெளியூர்க் கூட்டம் வந்து குவியும்; அது நெருங்கின வாரம் பார்த்து வண்டி மக்கர் பண்ணியது. டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு தேய்ந்து ஆட்டம் கொடுத்தது. உள்ளே திறந்து மூடிக் கரண்டை வெட்டி விடுகிற பாயின்டை எத்தனை முறை சரிபண்ணி வைத்தாலும் அடுத்த தெருவுக்குள் கெட்டுப்போகும். கடைசியில் எங்கள் தெருவிலேயே நின்றுவிட்டது. எங்கள் தெருவிலோ காலையில் நெசவுக்காரர்கள் தறிக்குப் போகிற பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்குப் பாவாக நீட்டுவார்கள். எதிர்வீட்டு நெசவுக்காரர் வந்து, "வண்டிய நவுத்துப்பா, பாவு நீட்டணும்" என்று ஆரம்பித்துவிட்டார். அதனால்தான் மாமனார் அவசரமாகச் சென்னைக்குப் போய் அந்தச் சாமானைப் பிடித்துவந்தார்.

மறுநாள் காலையில் பானெட்டைத் தூக்கி வேலையை ஆரம்பித்தேன். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் எஞ்சினைக் குழந்தைகூடச் சுற்றலாம். என் பெண்டாட்டியை முன்னால் ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றச் சொன்னேன். முதல் பிளக்கின் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து காற்று விரலைத் தள்ளவேண்டும். தள்ளும்போது முன்னாலிருக்கும் புல்லியில் வெட்டியிருக்கிற கோடு குறிக்கு நேராக வரவேண்டும். வந்தது. அவளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, புது டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினேன். அது பழையதைப்போல உட்காராமல் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தது. அதனால் வயர்களைப் பழைய இடத்தைப் பார்த்து மாட்ட முடியாது. ரோட்டார் எந்தக் காதைப் பார்க்கிறதோ அதில் முதல் வயரைச் செருகி, மற்றதை ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்ற முறையில் சுற்றி மாட்டவேண்டும். அந்த முறை எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

எந்தப் பக்கமாகச் சுற்றி? அங்கேதான் வந்தது வினை. சத்தியமாகச் சொல்கிறேன், என் கை முதலில் இடப்பக்கம்தான் போனது. கற்பூரத் தட்டோடு பக்கத்தில் நின்ற மாமனார், "இன்னாபா, எடமா சுத்தி மாட்ற? நல்ல காரியம் பண்ணச் சொல்லோ எடமா சுத்துவாங்களா? வலமா வா" என்றார். டீ குடிக்கப் போனாலும் முனைப் பிள்ளையாரை வலம் வந்துவிட்டுப் போகிற மனுஷர். இந்த ஊரில் சாமியை வலம் வருவார்கள், தேரும் வலமாகத்தான் வரும், கல்யாணத்தில் அக்கினியைச் சுற்றுவதும் வலமாகத்தான். வண்டியைக் கொடுக்கப்போகிறவர் சொல்கிறார். வலமாகவே மாட்டினேன்.

பிளக்கைப் போட்டு, சாவியைத் திருப்பி, ஹேண்டில் அடித்தேன். வண்டி இருமியது. சைலன்சரில் வெடித்தது. கார்புரேட்டர் ஒரு தும்மல் தும்மியது. எதிர்ப்பக்கத்தில் பாவு கட்டிக்கொண்டிருந்தவர்கள் இழையை விட்டுவிட்டு ஓடினார்கள். "வண்டியே தும்முது, சகுனம் சரியில்ல" என்றார் மாமியார். விடாமல் அடித்தேன், தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. "சாமான் சரியில்ல மாமா, ஏமாத்தி குடுத்துட்டான்" என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று மாமியார் சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவருக்குச் சொன்னது யாருக்கு என்று தெருவுக்கே புரிந்தது. உடனே, திருவிழாவுக்கு வந்திருந்த இளைய பெண், "அவர வரச் சொல்லலாமேப்பா" என்று இழுத்தாள். பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினார்கள்.

மத்தியானம் வந்து சேர்ந்தான் மகராசன். சட்டையைக் கழற்றி மடித்துச் சீட்டில் வைத்தான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, "யாராச்சும் ஹேண்டில லேசா சுத்துங்க" என்றான். யாராச்சும் என்றால் வேறு யார், நான்தான் சுற்றினேன். ரோட்டார் திரும்புவதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மாமா, ரோட்டாரு எடமா சுத்திக்கினு இருக்குது. வயரு வலமா போது. எப்டி ஸ்டார்ட் ஆவும்?"

ரெண்டே வயர். மூன்றாவதைப் பிடுங்கி இரண்டாவதின் இடத்தில் செருகினான், இரண்டாவதை மூன்றாவதின் இடத்தில் செருகினான். முதலாவதும் நாலாவதும் எப்படிச் சுற்றினாலும் அதே இடத்தில்தானே வரும். வண்டி ஸ்டார்ட் ஆகக்கூடாது என்று காமாட்சியை வேண்டிக்கொண்டேன். என் பெண்டாட்டி பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற வண்டி அது, ஆனாலும் வேண்டிக்கொண்டேன். ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது.

மாமனார் என்ன சொல்லியிருக்கவேண்டும்? "நான்தான் அவனுக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். மனுஷர் கையைத் தட்டிச் சிரித்து, "அதானே! சாமிக்கு வலம், எஞ்சினுக்கு எடம்!" என்றார். என் கை இடப்பக்கம் போனால் அபசகுனம், அவன் கை போனால் கெட்டிக்காரத்தனம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மருமகன்களுக்கும் அப்படியொரு பழமொழி இல்லாதது பெரிய குறை. அன்றைக்குச் சாயந்திரம் பெண்டாட்டியிடம் நடந்ததைச் சொன்னேன். "தெரிஞ்சிருந்தா அப்பவே வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே" என்றாள். இன்றுவரை அவள் நம்பவில்லை.

அவன் அதோடு விட்டானா? இன்னும் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழுகிற கணத்தைச் சரிபார்த்து வைக்கவேண்டும் என்றான். எதிர்வீட்டு நெசவுக்காரரிடம் ஒரு பட்டு இழை கேட்டான். காலையெல்லாம் என்னிடம் சிடுசிடுத்த அதே ஆள், ஓடிப்போய் நல்ல இழையாக எடுத்துவந்து கொடுத்தார். புல்லியின் கோட்டைக் குறிக்கு நேராக நிறுத்தி, மூடியிருந்த பாயின்ட் இடுக்கில் அந்த இழையை வைத்தான். ஒரு கையால் இழையைப் பூப்போல இழுத்துக்கொண்டே, மறு கையால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். பாயின்ட் திறக்கிற கணத்தில் இழை வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கேயே நிறுத்தி போல்ட்டை முறுக்கினான். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. நானும் பார்த்தேன். சொல்லப்போனால் எல்லாரையும்விட நான்தான் கூர்ந்து பார்த்தேன்.

"மாப்ள, நீங்களே ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க" என்றார் மாமனார், முன் சீட்டில் ஏறிக்கொண்டு. அந்த வண்டியில் நான் முதல்முதலாகப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். தாமல் ஏரிக்கரைப் பக்கம் போனோம். மேடு ஏறும்போது எஞ்சினில் லேசாக டிக் டிக்கென்று ஒரு தட்டல். இறங்கினான், டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை அளவு திருப்பினான், மறுபடி ஓட்டினான். மூச்சுக் காட்டாமல் மேடேறியது வண்டி. இத்தனை வருஷம் நான் கழுவித் துடைத்த வண்டி, என் கையில் ஒரு நாளும் அப்படி ஓடியதில்லை. வயிறு எரிந்தது. வண்டியை அவனுக்குத்தான் கொடுப்பார் என்று அந்தப் பின் சீட்டிலேயே முடிவுகட்டிவிட்டேன்.

கருட சேவைக்கு ஊரே திரண்டது. அன்றைக்கெல்லாம் நான்தான் ஓட்டினேன், ஓரிடத்தில்கூட வண்டி நிற்கவில்லை. எல்லாம் முடிந்ததும் மாமனார் எங்கள் இருவரையும் குடும்பத்தோடு உட்காரவைத்தார். வெற்றிலைத் தட்டில் சாவி இருந்தது. தட்டை என் பக்கம் நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காலில் விழுந்து எழுந்தேன். அப்போதுதான் சொன்னார், என் தோளில் தட்டிக்கொண்டு, அன்பாகவே சொன்னார்:

"அவருக்குக் கையில தொழில் இருக்குது. எங்க போனாலும் பொழச்சிக்குவாரு. உனக்கு இந்த வண்டிய உட்டா இன்னாபா இருக்குது?"

என் பெண்டாட்டி பாயசம் வைத்தாள். என் பங்கைப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டேன். தோற்றிருந்தால்கூட நாலு பேரிடம் நியாயம் கேட்டிருக்கலாம். ஜெயித்துவிட்டு யாரிடம் போய் அழுவது? அந்த வண்டியை வருஷக்கணக்காக ஓட்டினேன், அதில்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். ஆனால் டைமிங் பார்க்கவேண்டுமென்றால் செங்கல்பட்டு வரைக்கும் போவேனே தவிர சகலையிடம் விடமாட்டேன். விசேஷங்களில் பார்த்தால், "சாப்ட்டியா சகல?" என்பான். "ஆச்சு" என்பேன். அதற்கு மேல் பேச்சில்லை. அவன் தனியாகப் பட்டறை போட்டான், மெத்தை வீடு கட்டினான். ஒவ்வொன்றும் என் காதில் விழத்தான் விழுந்தது. எனக்குக் கட்டுப்பல் வந்துவிட்டது; அவனுக்கு இன்னும் எல்லாம் சொந்தப் பல். அதையும் கவனிக்காமல் இல்லை.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தி முடிந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். எழுந்து போகலாமென்று பார்த்தேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மேடையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தான்.

"அன்னிக்கி மாமா சாவிய உன்கிட்ட குடுத்தாரு பாரு. வீட்டுக்குப் போயி அழுதேன் சகல."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"தொழில் இருக்குது, பொழச்சிக்குவான்னு சொல்லிச் சொல்லியே எனக்கு யாரும் எதுவும் குடுத்ததில்ல. எங்கப்பாவும் அதத்தான் சொன்னாரு, வீட்ட தம்பிக்கு எழுதி வச்சாரு. இப்ப என் பசங்களும் அதத்தான் சொல்றானுங்க, அப்பாவுக்கு இன்னா, பொழச்சிக்குவாருன்னு. இவனுக்கு வேற வழி இல்லியேன்னு ஒருத்தராச்சும் என்ன நெனச்சிருக்காங்களா? உன்ன பாத்தா எனக்கு எப்பவும் வயித்தெரிச்சல்தான்."

இரக்கப்பட்டிருக்கவேண்டும் நான். எனக்கு வந்தது கோபம். இத்தனை வருஷம் எனக்கென்று நான் வைத்திருந்த ஒரே சொத்து அந்த வயிற்றெரிச்சல். அதிலும் பாதிப் பங்குக்கு வந்து நிற்கிறானே இவன்!

"இத அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றேன்.

"சொல்லலாம்னுதான் எப்பவும் வருவேன். சாப்ட்டியான்னு ஆரம்பிப்பேன். நீ எங்க சகல நின்ன?" என்றான்.

பாருங்கள், அதிலும் அவன் சொன்னதுதான் சரி.