வேதமுத்து அண்ணனின் பெஞ்சுக் கணக்கு

எனக்கு அரசியலே தெரியாது என்று வேதமுத்து அண்ணன் தானாகவே முடிவு செய்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நாள் பேசியிருப்பேன். பள்ளிக்கூட வாத்தியார், கல்யாணமாகாதவன், சர்ச்சில் வாயைத் திறக்காதவன், ஆகவே கட்சி இல்லாதவன் என்று கணக்குப் போட்டு, ஞாயிறுதோறும் மூன்றாவது பெஞ்சில் ஆனந்தனுக்கும் தங்கநேசனுக்கும் நடுவே என்னைச் சொருகிவிடுகிறார்.

அண்ணன் டிபன்ஸ் பேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர். கோவில்பதாகையில் சொந்த வீடு. மனைவி தெரசா அக்கா, ஒரே மகன் ஆன்டோ. எங்கள் சபையில் வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுத்து ஆட்களை உட்கார வைக்கிற வேலையை யாரும் சொல்லாமலே ஏற்றுக்கொண்டவர். ஆண்களுக்கு இடது பக்கம், பெண்களுக்கு வலது பக்கம். அதில் என்ன பெரிய வேலை என்று நாங்களும் நினைத்திருந்தோம்.

போன தேர்தல் வந்தது. மாதம் ஒருமுறை அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறுகளில் எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பாஸ்டர் பீடத்திலிருந்து இறங்கி வந்து, முதல் பெஞ்சில் இருப்பவரின் கூப்பிய கைகளைத் தன் இரண்டு கைகளாலும் பற்றி, "சமாதானம் உண்டாவதாக" என்பார். வாங்கியவர் பக்கத்து ஆளுக்கு அதேபோலக் கொடுக்க வேண்டும். அவர் அடுத்தவருக்கு. இப்படிக் கை மாறிக் கை மாறிக் கடைசி பெஞ்சு வரை போகும். அந்த மாதம் ஆனந்தன் வரைக்கும் வந்த சமாதானம் அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்தில் தங்கநேசன், வேறு கட்சி. முந்தின நாள்தான் டீக்கடையில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருந்தார்கள். ஆனந்தன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். தங்கநேசன் பாட்டுப் புத்தகத்தின் அட்டவணையை அக்கறையாகப் படித்தார். ஆராதனை முடிந்ததும் பின் பெஞ்சுக்காரர்கள் பாஸ்டரிடம் போய், "ஐயா, எங்க பக்கம் சமாதானம் வரவேயில்ல" என்று தண்ணி லாரி வராதது போலப் புகார் செய்தார்கள்.

பாஸ்டர் நல்லவர். எல்லாக் கட்சிக்காரரும் காணிக்கை போடுவதால் எந்தக் கட்சியைப் பற்றியும் அவருக்குக் கருத்து கிடையாது. "செருப்போட சேர்த்துக் கட்சியையும் வெளிய விட்டுட்டு வாங்க" என்று அடுத்த வாரம் பிரசங்கம் செய்தார். எல்லோரும் செருப்பை மட்டும் விட்டார்கள். பாஸ்டர் வேதமுத்து அண்ணனைக் கூப்பிட்டு, "நீங்க பாத்துக்கங்க" என்று கைகழுவிவிட்டார்.

அண்ணன் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் தெருத்தெருவாக நடந்து, எந்த வீட்டில் எந்தச் செய்தி சேனல் அலறுகிறது என்று கேட்டுவைத்தார். ஞாயிற்றுக்கிழமை அதற்குத் தக்கபடி ஆட்களைப் பிரித்துப் போட்டார். "ரெண்டு லைவ் ஒயரு ஒட்டிகினு போவக்கூடாது தம்பி. நடுவுல ரப்பர் வேணும். நீதான் ரப்பர்" என்று என் முதுகில் தட்டினார். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சபையில் சண்டை நின்றது உண்மைதான். அவர் வீட்டில் வெடித்தது. ஆன்டோ ஒரு புதுக் கட்சியில் சேர்ந்து, கழுத்தில் துண்டோடு படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அண்ணன் வாலிப வயதிலிருந்து வேறொரு கட்சி. எது எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இதைப் படிக்கிற உங்களையும் பிரித்து உட்கார வைக்க வேண்டிவரும். "இத்தினி வருசமா ஓட்டுப் போட்டு இன்னாப்பா கண்டீங்க?" என்று மகன் கேட்டான். "இனிமே என் ஊட்டு வாசப்படி மிதிக்காத" என்றார் அப்பா. ஆன்டோ மனைவி ரியாவைக் கூட்டிக்கொண்டு கொரட்டூருக்கு வாடகை வீட்டுக்குப் போய்விட்டான்.

அங்கே அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தெரசா அக்கா வாரம் தவறாமல் ரயிலேறிப் போய்ப் பார்ப்பார். அண்ணன் போகவில்லை. அக்கா திரும்பி வந்ததும் பேப்பரை விட்டு முகத்தை எடுக்காமல், "கொரட்டூர் பக்கம் மழையா?" என்று கேட்பாராம். "மழ குப்புற உழுவுது, பொக்கவாயோட சிரிக்குது" என்பாராம் அக்கா. அன்றைக்கு அண்ணன் சோறு சரியாகச் சாப்பிட மாட்டாராம். சொந்தப் பேத்தியைத் தூக்காத மனுஷன் ஊருக்கே சமாதானம் பண்ணுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

குழந்தையின் ஞானஸ்நானத்தை மட்டும் எங்கள் சபையில் வைக்க ஆன்டோ ஒத்துக்கொண்டான். ஆனால் முடிந்த கையோடு நேராகக் கொரட்டூர். அப்பா தன் வாயால் கூப்பிட்டால்தான் வீட்டுக்கு வருவானாம். அப்பா கூப்பிடுகிற ஆளா?

அது திருவிருந்து ஞாயிறு. ஞானஸ்நானக் குடும்பம் மட்டும் முதல் பெஞ்சில் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து உட்காரலாம். அண்ணன் தன் வீட்டுக்கும் கணக்குப் போட்டார். இந்த ஓரம் அவர், அந்த ஓரம் ஆன்டோ, நடுவே அக்காவும் ரியாவும்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. சமாதானம் கொடுக்கப் பாஸ்டர் படி இறங்குகிற நேரம் பார்த்துத் தெரசா அக்கா எழுந்தார். குழந்தையை ஆன்டோ கையில் கொடுத்தார். "பால் பாட்டில் பையில கீதான்னு பாக்கலாம் வா" என்று ரியாவை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பை பெஞ்சிலேயே இருந்தது.

அண்ணன் பதறித் திரும்பினார். என்னைத் தேடிப் பிடித்து, வா, நடுவில் வந்து உட்கார் என்று கண்ணால் கெஞ்சினார். அந்தச் சபைக்குள் முதல் முறையாக நான் ஒரு அரசியல் முடிவு எடுத்தேன். எழுந்திருக்கவில்லை.

பாஸ்டர் அண்ணனுக்குச் சமாதானம் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அண்ணன் எழுந்தார். காலி இடத்தைத் தாண்டிப் போய் மகன் முன்னால் நின்று கைகளை நீட்டினார். சபை முழுக்கக் கழுத்தை நீட்டியது. ஆன்டோ எழுந்து நின்றான். கூப்புவதற்கு அவனுக்குக் கை இல்லை. இரண்டு கையிலும் குழந்தை.

"கை காலியில்லப்பா" என்றான்.

அத்தனை மாதம் கழித்து மகன் பேசிய முதல் பேச்சு. அண்ணன் திருதிருவென்று விழித்தார். பிறகு, "குடு" என்று குழந்தையை வாங்கிக்கொண்டார். அதோடு சமாதானம் கொடுக்க அவர் கையும் போயிற்று. குழந்தை அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அவர் தடுக்கவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"நான் கட்சி மாற மாட்டேன்பா" என்றான் ஆன்டோ.

"எவன்டா உன்ன மாறச் சொன்னான்? மத்தியானம் ஊட்டுக்கு வா. என் எதிர்க்க குந்தி சாப்ட்டுகினே என் கட்சியத் திட்டு."

ஆன்டோ மூக்கை உறிஞ்சினான். "கறியாப்பா?"

"காலைலயே எடுத்து வச்சிட்டேன். ரெண்டு கிலோ."

அந்த வீட்டில் சாப்பிட அவரும் அக்காவும் இரண்டே பேர்.