முழுசாக மட்டுமே வந்த பலாப்பழம்

ஜூன் மாதம் வந்தால் எங்கள் பிளாக் முழுக்கப் பலாப்பழ வாசனைதான். காலையில் ஷிப்ட் பஸ் போகும் சத்தத்தோடு அந்த வாசனையும் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். குவார்ட்டர்ஸ் வீடு ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பலா, ஒரு மா. ஒரு குடும்பம் தின்று தீர்க்க முடியாது. அதனால் தெருவே பங்கு போட்டுத் தின்னும்...

வாட்ஸ்அப் எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த சமயம். நெய்வேலியிலிருந்து தினமும் கடலூருக்கு பஸ்ஸில் போய் சோஷியாலஜி படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருஷம் ஒரு அசைன்மென்ட் கொடுத்தார்கள். உங்கள் தெருவில் ஏதாவது ஒரு பொருள் வீட்டுக்கு வீடு எப்படிக் கைமாறுகிறது என்று பார்க்க வேண்டும். எடுத்தவுடனே கேள்வி கேட்கக் கூடாது, முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். மற்றவர்கள் மார்க்கெட், கோயில் என்று அலைந்தார்கள். நான் பலாப்பழத்தைப் பிடித்துக்கொண்டேன். வாசலை விட்டு நகராமலே மார்க் வாங்கிவிடலாம் அல்லவா!

போர்ட்டிகோவில் சேர் போட்டு உட்கார்ந்தேன். நன்றாகத்தான் பொழுது போனது. எதிர்வீட்டு மதுரைக்கார ஆன்ட்டி தட்டை மூடாமல் தரமாட்டார், கண் பட்டுவிடுமாம். மூலை வீட்டு அங்கிள் சுளையைக் கொடுத்துவிட்டு, கொட்டையை மறக்காமல் திருப்பிக் கேட்பார், குழம்புக்கு. தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது எங்கள் தெருவின் எழுதாத சட்டம். முறுக்கோ ரவா லட்டோ ஏதாவது ஒன்று வைத்துத்தான் தட்டு திரும்பும்.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி மேகலா வீடு. ஆறாவதிலிருந்து என் உயிர்த்தோழி. அவள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே மைன்ஸ், ஒரே ஷிப்ட், இரண்டு பேருமே பெர்மனென்ட். வீடுகூட ஒரே அச்சு. அவர்களுக்குச் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு காலனி. நாங்கள் பண்ருட்டிப் பக்கம், முந்திரித் தோப்பு வைத்திருந்த குடும்பம். டவுன்ஷிப்பில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று நினைத்துத்தான் நான் வளர்ந்தேன்.

அந்த வீட்டிலிருந்து மட்டும் சுளை வரவில்லை. முழுப் பழம் வந்தது. மேகலாவின் அப்பா தோளில் தூக்கிவந்து போர்ட்டிகோவில் வைத்துவிட்டுப் போவார். எங்கள் தட்டு அங்கே போய்த் திரும்பும்போதும் அதில் முறுக்கு இருக்காது. எலுமிச்சம்பழம், கறிவேப்பிலை, முருங்கைக்காய், இப்படித்தான் ஏதாவது இருக்கும். 'தாராள மனசுக்காரர்கள்' என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். பெரிய ஆராய்ச்சியாளர் நான்!

பார்த்தது போதும், ஒரு வார்த்தை கேட்டும் விடலாம் என்று அங்கே போனேன். மேகலாவின் அம்மா கிச்சனில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சுளைகூடப் பிய்யாது, அத்தனை பக்குவம்.

"ஏன் ஆன்ட்டி, இவ்ளோ அழகா எடுக்கறீங்க, எங்களுக்கு மட்டும் முழுசா குடுக்கறீங்க? சோம்பேறித்தனமா?"

சிரித்தார். "வெட்டிக் குடுத்தா வீணாப் பூடும் கண்ணு."

"யாரு வீணாக்குவா? நாங்க கொட்டையக்கூட வுட மாட்டோம்!"

அவர் அடுத்த சுளையை எடுக்கப் போனார். பக்கத்தில் நின்ற மேகலாதான் என்னையே பார்த்தாள்.

"உனக்கு நெஜமாவே தெரியாதாடி? நாங்க குடி வந்த புதுசுல அம்மா ஒரு தட்டு சொள குடுத்தனுப்பிச்சாங்க. நான்தான் எடுத்துக்கினு வந்தேன். உங்கம்மா சிரிச்சிக்கினே வாங்கினாங்க. தட்ட மறந்துட்டமேன்னு திரும்பி வந்தா... கேட்டாண்ட மாட்டுக்குப் போட்டுக்கினு இருந்தாங்க."

"பழம் ஒருவேள அழுகி இருந்திருக்கும்..." என்று ஏதோ உளறினேன்.

"தேனாட்டம் இருந்துச்சி கண்ணு," என்றார் ஆன்ட்டி, தலை நிமிராமல்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா இல்லவே இல்லை என்பாள், என்னைத் திட்டுவாள் என்று நம்பிக்கொண்டு ஓடினேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையைக்கூட நிறுத்தவில்லை.

"ஆமா, அதுக்கு என்ன இப்ப? அவங்கள வெளியவா நிக்க வெக்கிறோம்? சோபாவுலதான உக்கார வெக்கிறோம். முழுப் பழம் குடுத்தா தின்னுக்கினுதான இருக்கோம்."

"நான் அங்க சோறே சாப்ட்டிருக்கேம்மா!"

"தெரியும். சின்னப் புள்ளைங்கன்னு கண்டுக்காம வுட்டேன். இதெல்லாம் போய் காலேஜ்ல எழுதிக்கினு இருக்காத."

அம்மா கல்நெஞ்சுக்காரி இல்லை. மேகலாவுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு ஓடியவள். அதுதான் எனக்கு இன்னும் பதற்றமாக இருந்தது. கறிவேப்பிலைக்கும் முறுக்குக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர. இதையே பாடமாகப் படித்தபோது, எங்கோ யாரோ செய்வது என்று நினைத்துப் பரீட்சை எழுதி, நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன்.

மேகலா இனி பேசுவாளா என்ற பயத்தோடு மறுநாள் அவள் முன்னால் போய் நின்றேன்.

"எழுதட்டுமா, வேணாமா?"

"எழுது. ஆனா எங்க வூட்டப் பத்தி எழுதாத. உங்க வூட்டப் பத்தி எழுது."

எழுதினேன். அம்மா கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது அப்பா ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எல்லோரும் சென்னையில் இருக்கிறோம். அப்பார்ட்மென்ட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. தட்டும் இல்லை, முறுக்கும் இல்லை. போன வாரம் ஆப்பில் ஒரு டப்பா பலாச்சுளை வரவழைத்தேன். அம்மா ஒவ்வொன்றாக ரசித்துச் சாப்பிட்டாள். யார் வெட்டியது என்று கேட்கவே இல்லை.

என் பங்கையும் அவள் பக்கம் தள்ளி வைத்தேன். எழுந்து போய் மேகலாவுக்கு போன் செய்தேன். அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், வாரம் ஒருமுறையாவது பேசிக்கொள்வோம். இத்தனை வருஷம் கேட்கத் தைரியம் வராததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"எல்லாம் தெரிஞ்சிக்கினே எங்க வூட்ல எப்பிடிடி வந்து சாப்ட்டுக்கினு இருந்த?"



"வராம இருந்திருந்தா, அந்தத் தெருவுல நான் யாரு கூடடி வெளையாடறது?"